வொண்டர்லா போறீங்களா? டிக்கெட்டுக்கு முன்னாடி மதியச் சாப்பாட்டை முடிவு பண்ணுங்க

போன மாசம் ஒரு வேலையா புதூர்நாடு போயிருந்தேன். திருப்பத்தூர்ல இருந்து ஜவ்வாது மலை ஏறினா வர்ற ஊர். அங்கே டீக்கடையில் ஒரு தம்பி நம்ம வீடியோ பார்க்கிறவர்னு வந்து பேசினார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கைக்கு வர்றது 24,000 ரூபாய். மாசம் 1,500 வீதம் பத்து மாசம் ஆர்.டி. கட்டி 15,000 சேர்த்திருக்கார். அம்மா, அப்பா, அக்கா, அக்காவோட இரண்டு பிள்ளைகள், இவர் என ஆறு பேரும் பெங்களூரு வொண்டர்லா போகணும். அவங்க வீட்டில் யாரும் இதுவரை இப்படி ஒரு இடத்துக்குப் போனதில்லை.

"அண்ணா, டிக்கெட், வண்டி எல்லாம் கணக்குப் போட்டுட்டேன். சாப்பாடுதான் பிடிபடல. அம்மாவுக்கு சர்க்கரை, நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிடணும். அப்பா ஹோட்டல்ல விலையைப் பார்த்தாலே பசிக்கலன்னு சொல்லிடுவார்" என்றார்.

இந்தக் கேள்வி பல வீடுகளுக்கும் பொருந்தும் என்பதால் அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம்ம ஊர் தீம் பார்க்குகளில் பெரும்பாலும் வெளி உணவுக்கு அனுமதி கிடையாது, வொண்டர்லாவிலும் அப்படித்தான். (அமெரிக்காவில் டிஸ்னி வேர்ல்டில் நீங்க சாப்பிட நீங்களே கொண்டு போகலாம். ஆனா அங்கே உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரன்டுக்கு 60 நாள் முன்னாடியே டேபிள் பதிவு பண்றாங்க!) வெளியே போய் சாப்பிட்டுட்டு திரும்ப வரலாம்னு நினைச்சா, பெரும்பாலான பார்க்குகளில் அந்த டிக்கெட் அதோடு முடிந்தது. ஆக மதியம் உள்ளேதான் சாப்பிட்டாகணும். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவுக்கு என்பதை வீட்டிலேயே முடிவு பண்ணிடணும்.

டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். கணக்குக்காகத் தலைக்கு சராசரி 1,400 என்று வைத்தால் ஆறு பேருக்கு 8,400. வண்டி சித்தப்பாவோடது, டீசலும் டோலும் 3,000. மீதி 3,600. முந்தின நாள் சாயங்காலமே மலையிறங்கி ஓசூரில் தம்பியோட ரூமில் தங்கல். ராத்திரிக்கு அம்மா கட்டிக்கொண்டு வரும் சாமைச் சோறு, செலவில்லை. அப்போ இந்த 3,600 பூங்கா போகும் ஒரு நாளைக்கு.

தம்பி என்ன நினைத்திருந்தார் தெரியுமா? நாலு வேளைக்கும் சமமாப் பிரிச்சு, வேளைக்கு 900. சமமாப் பிரிக்கிறது நியாயமாத் தெரியும், ஆனா அது தப்பு. 900 ரூபாயில் பூங்காவுக்குள் ஆறு பேர் நிம்மதியா உட்கார முடியாது. அதே 900 காலை டிபனுக்குத் தேவையே இல்லை.

நான் மாற்றிக் கொடுத்தது இது. காலையில் ஓசூரிலிருந்து நைஸ் ரோடு வழியா மைசூரு ரோட்டைப் பிடிச்சு, பூங்காவைத் தாண்டி சில கிலோமீட்டர் போனா பிடதி. தட்டு இட்லிக்குப் பேர்போன ஊர். 2023 மார்ச்சில் திறந்த பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை ஊருக்குள்ளே போகாம விலகிப் போயிடுது, அதனால சர்வீஸ் ரோட்டில் இறங்கணும். அங்கே ஆறு பேருக்கு 480. மதியம் பூங்காவுக்குள் உட்கார்ந்து சாப்பாடு, 2,100, அதோட 5 சதவீத ஜி.எஸ்.டி. 105. சாயங்காலம் டீ, ஏதாவது கொறிக்க 360. ராத்திரி ஓசூர் வந்து மெஸ்ஸில் பார்சல் 500. மொத்தம் 3,545.

நடுவிலுள்ள அந்த 2,205 ரூபாய் கண்ணை உறுத்தும். "ஃபுட் கோர்ட்டில் டோக்கன் வாங்கினா பாதியில் முடியுமே அண்ணா" என்று அவரும் கேட்டார். முடியலாம். ஆனா பூங்கா 11 மணிக்குத் திறந்து 6 மணிக்கு மூடுதுன்னா, 8,400 ரூபாய்க்கு நீங்க வாங்கினது ஏழு மணி நேரம். மணிக்கு 1,200. ஒன்றரை மணிக்குக் கூட்டத்தோடு கூட்டமா நின்னு, ஒருத்தர் டோக்கன் வரிசையில, ஒருத்தர் டேபிள் பிடிக்க, ஒருத்தர் பிள்ளைகளைத் தேடன்னு ஒரு மணி நேரம் போச்சுன்னா, மிச்சம் பிடிச்சதை அங்கேயே தொலைச்சாச்சு. அம்மா மாத்திரை நேரம் தவறினா அது எந்தக் கணக்கிலும் வராது.

அதனால 12.15-க்கு உள்ளே போய் உட்காருங்க. காலையில் நனையாத ரைடுகள், சாப்பிட்டு கொஞ்சம் ஆறினதும் தண்ணீர் விளையாட்டு. இந்த வரிசை முக்கியம். சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு ஏ.சி. ரெஸ்டாரன்டுக்குள் பல இடங்களில் விடமாட்டாங்க, விட்டாலும் வயசானவங்க நடுங்கிடுவாங்க.

பஃபேயா, மெனு பார்த்து ஆர்டரா? தலைக்கு இவ்வளவுன்னு வாங்கும் பஃபேயில், நல்லா சாப்பிடும் இளைஞர்கள் நாலு பேர் போனா லாபம். இந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் குழந்தைகள், அம்மா அளவாச் சாப்பிடுவார். ஆறு தலை, ஆனா நாலரை சாப்பாடு. ஆர்டர்தான் சரி. டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் உணவு காம்போவுக்கும் இதே கேள்வியைக் கேளுங்க.

பில்லில் பார்க்க வேண்டியது

சாதாரண ரெஸ்டாரன்டில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். தங்கும் விடுதியோடு சேர்ந்த ரெஸ்டாரன்ட் என்றால் உஷார். முந்தைய நிதியாண்டில் அந்த விடுதியில் ஏதாவது ஒரு அறை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போயிருந்தா, அங்கே 18 சதவீதம். நம்ம 2,100-க்கு 105 இல்லை, 378. உட்காரும் முன்னாடியே கேட்டுடுங்க, இதில் வெட்கமே வேண்டாம்.

சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தா எடுக்கச் சொல்லலாம். கட்டாயமா வாங்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனா தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் போட்டிருந்தா சண்டைக்குப் போகாதீங்க. உட்காரவைத்துப் பரிமாறும் ஹோட்டல்களில் அது செல்லும்னு 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கு. குடிநீர் குழாய் எங்கேன்னு கேட்டு காலி பாட்டிலை நிரப்பிக்கிறது சுலபம்.

சிலர் எல்.டி.ஏ.வில் இந்த பில்லைக் கொடுக்கலாமான்னு கேட்பீங்க. முடியாது. அது பயணக் கட்டணத்துக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு அடுத்த மாசம் பாதி கட்டலாம் என்ற யோசனையும் வேண்டாம். மாசம் 3.5 சதவீத வட்டின்னா வருஷத்துக்கு 42.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா திறந்தாச்சு. விலைகள் மாறும், கணக்குப் போடும் விதம் இதேதான்.

அப்பா விஷயம்

எனக்கு சி.ஏ. ரிசல்ட் வந்த வாரம், வீட்டில் எல்லோரையும் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப் போனேன். எங்கப்பா மெனு கார்டின் வலது பக்கத்தை மட்டும்தான் படித்தார். "எனக்குத் தயிர் சாதம் போதும்பா, வயிறு சரியில்லை" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டார். அன்னைக்கு பில் குறைஞ்சதுதான், ஆனா அந்தச் சாப்பாட்டை இன்னும் என்னால் சந்தோஷமா நினைக்க முடியலை.

அதனால தம்பிகிட்ட சொன்னேன்: மெனு கார்டை அப்பா கையில் கொடுக்காதீங்க. உள்ளே நுழைந்ததும் நீங்க மட்டும் ரெஸ்டாரன்டுக்குப் போய் விலைப் பட்டியலைப் பார்த்து, 2,100-க்குள் என்னென்ன என்று முடிவு பண்ணி, அக்காகிட்ட மட்டும் சொல்லி வைங்க. உட்கார்ந்ததும் நீங்களே ஆர்டர் கொடுங்க. அப்பா விலை கேட்டா, "டிக்கெட்டோட சேர்த்துக் கட்டியாச்சுப்பா"ன்னு சொல்லுங்க. ஆடிட்டர் பொய் சொல்லச் சொல்றாரேன்னு யாரும் கமெண்டில் வராதீங்க, இதை நான் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்போறதில்லை.

ஆறு பேரும் கிளம்புறது வர்ற பள்ளி விடுமுறையில், கூட்டம் குறைவா இருக்கும் ஒரு வாரநாளில். போயிட்டு வந்ததும் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புறேன்னு சொல்லியிருக்கார். என் 3,545 எங்கே தப்பாச்சுன்னு அதை வைத்து ஒரு வீடியோ போடுறேன்.