விக்ரம் ஏன் விழிக்கவில்லை?
நிலவில் தூங்கிய கருவிகளின் கதை

டி.வி. ரிமோட்டில் 2 பென்சில் செல் போட்டால் பல மாதம் ஓடுகிறது. காரணம், நாளில் பெரும்பகுதி அது தூங்குகிறது. பொத்தானை அழுத்தினால் விழிக்கும். வேலையை முடிக்கும். உடனே மறுபடி தூங்கிவிடும்.

இந்தத் தூக்கம் முழுவதும் அணைந்து போவது அல்ல. பொத்தானைக் கவனிக்க ஒரு சிறு பகுதி மட்டும் விழித்திருக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க இதுதான் வழி.

இதே வழியை இந்திய விஞ்ஞானிகள் சந்திரனிலும் செய்து பார்த்தார்கள்.

சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் கலம், 2023 ஆகஸ்டு 23-ந் தேதி மாலை 6.04 மணிக்கு சந்திரனின் தென் துருவப் பகுதியில் இறங்கியது. அதில் இருந்து இறங்கிய 26 கிலோ பிரக்யான் வண்டி, 100 மீட்டருக்கு மேல் ஓடியது. திட்ட இயக்குனர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். கலத்தை நடத்தியது நம் பெங்களூர் பீனியாவில் உள்ள கட்டுப்பாட்டு நிலையம்.

14 நாள் இரவு

சந்திரனில் பகல், நம் கணக்கில் 14 நாள். இரவும் 14 நாள். இரவில் சூரியத் தகடுக்கு வெயில் கிடையாது. குளிரோ மைனஸ் 200 டிகிரி வரை போகக்கூடும்.

எனவே செப்டம்பர் 2-ந் தேதி பிரக்யானைத் தூங்க வைத்தனர். பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆகி இருந்தது. மறுபடி சூரியன் உதிக்கும்போது வெளிச்சம் விழும்படி தகடு இருந்தது. 4-ந் தேதி காலை விக்ரமும் தூங்கியது. ஆய்வுக் கருவிகள் நிறுத்தப்பட்டன. கட்டளையைக் கேட்கும் ரிசீவர் மட்டும் அணைக்கப்படவில்லை.

சந்திரனில் பொழுது விடிந்தது. செப்டம்பர் 22-ந் தேதி கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

குளிரே பகை

கடுங்குளிரில் பேட்டரி கெடும். பற்றவைத்த இணைப்புகள் விட்டுப்போகும். இரண்டும் ஒரு பகலுக்கு என்றே செய்யப்பட்டவை. இரவில் சூடு தரும் ஏற்பாடு அவற்றில் இல்லை.

1970-ல் இறங்கிய ரஷிய வண்டி லூனோகோட்-1, பொலோனியம் தந்த சூட்டில், இரவு தோறும் மூடியைச் சாத்திக்கொண்டு தூங்கியது. சுமார் 10 மாதம் உழைத்தது.

ஜப்பானின் ஸ்லிம் கலம் 2024 ஜனவரியில் சாய்ந்து இறங்கியது. தகடு மேற்கே பார்த்ததால் வெயில் விழவில்லை. பேட்டரி 12 சதவீதமாகக் குறைந்ததும், அதைத் துண்டித்து வைத்தனர். வெயில் மேற்கே திரும்பியதும் கலம் விழித்தது! இரவைத் தாங்கும்படி செய்யப்படாத அது, 3 இரவுகளைக் கடந்தது.

விக்ரம் விழிக்காவிட்டாலும், வந்த வேலையை 14 நாளுக்குள் முடித்துவிட்டது. அதன் மேல் பொருத்திய நாசாவின் சிறு கண்ணாடிக் கருவிக்கு பேட்டரி தேவை இல்லை; தூக்கமும் இல்லை. 2023 டிசம்பரில் அமெரிக்க விண்கலம் பாய்ச்சிய லேசர் ஒளியை அது திருப்பி அனுப்பியது. விக்ரம் இருக்கும் இடத்தை இன்னும் அது காட்டும்.