நீர்க்களை மெலியும் பருவத்தில் மீன் தேடுதல்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனை ஒட்டி அமைந்துள்ள மெண்டோட்டா ஏரி, ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் பரப்பும் 25 மீட்டர் வரை ஆழமும் கொண்டது. ஏரி, குளம் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளை ஆராயும் ஏரியியல் என்னும் துறை வட அமெரிக்காவில் வேர்விட்ட இடங்களுள் இதன் கரை முதன்மையானது. 1875-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்த எட்வர்டு பர்ஜும், பின்னர் அவருடன் இணைந்த சான்சி ஜூடேயும் இந்த ஏரியின் வெப்பநிலை, ஆக்சிஜன், நுண்மிதவை உயிரிகள் ஆகியவற்றைப் பல்லாண்டுகள் அளந்துவந்தனர். அவர்களுக்குப் பின்னும் அந்தப் பணி தொடர்ந்ததால், உலகில் மிக விரிவாக ஆராயப்பட்ட ஏரிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. இதன் ஆழமற்ற விரிகுடாக்களில் கோடை முழுவதும் நீர்க்களைகள் அடர்ந்து கிடக்கும். செப்டம்பர் பிறந்ததும் தூண்டில்காரர்கள் தங்கள் முறைகளை மாற்றிக்கொள்ளத் தொடங்குகின்றனர். அனுபவத்தால் அவர்கள் கண்டறிந்த இந்த மாற்றங்களுக்குப் பின்னால் ஒளி, வெப்பம், ஆக்சிஜன், தாவரத்தின் வாழ்நாள் ஆகியவை சேர்ந்தியங்கும் தெளிவான அறிவியல் இருக்கிறது. இந்தப் பருவத்தில் மீனைத் தேடுபவர் முதலில் தேட வேண்டியது உயிருள்ள பசுந்தாவரத்தைத்தான்.

மேடிசன் நகரம் 43 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளது. ஜூன் பிற்பகுதியில் 15 மணி நேரத்துக்கும் மேலாக நீளும் பகற்பொழுது, செப்டம்பர் 22 வாக்கில் ஏறத்தாழ 12 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. கதிரவன் தாழ்ந்து செல்வதால் நீருக்குள் இறங்கும் ஒளியும் குறைகிறது. இந்தக் குறைவு எல்லாத் தாவரங்களையும் ஒரே வேளையில் தாக்குவதில்லை. சுருளிலைப் பாண்ட்வீட் என்னும் அயல்நாட்டுக் களை கோடையின் தொடக்கத்திலேயே மடிந்துவிட, அது உதிர்த்த குளிர்கால மொட்டுகள் ஏரித்தரையில் காத்திருந்து இலையுதிர் காலத்தில் மீண்டும் துளிர்க்கின்றன. காட்டுச் செலரி எனப்படும் நாடா போன்ற இலைகளையுடைய தாவரம், தன் உணவைத் தரைக்கடியிலுள்ள மொட்டுகளில் சேமித்துக்கொண்டு இலைகளைக் கைவிடுவதால், அந்த இலைகள் அறுந்து கரையோரம் குவிகின்றன. நரிவாலைப் போலப் புசுபுசுவென்றிருக்கும் கூன்டெயிலோ வேரில்லாமலேயே வாழ்ந்து, பனிக்கட்டியின் அடியிலும் பசுமை மாறாமல் நிற்கக்கூடியது.

இவற்றினும் முக்கியமானது, 1960-களில் மெண்டோட்டாவைக் கைப்பற்றிய யூரேசிய வாட்டர்மில்ஃபாயில். செப்டம்பரில் இதன் தண்டு ஒன்றை நீரிலிருந்து இழுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் ஏரியின் நிலை பெரும்பாலும் விளங்கிவிடும். கணுவுக்கு நான்காக வட்டமாய் அமைந்த இலைகள் ஒவ்வொன்றும், 12 அல்லது அதற்கும் மேற்பட்ட இணைச் சிற்றிலைகளோடு இறகு போல விரிந்திருக்கும். நுனிப்பகுதி பச்சையாகவே இருக்க, கீழ்க்கணுக்களின் இலைகள் பழுப்புப் படலம் மூடி, நிழலில் வாடி, பல இடங்களில் உதிர்ந்தே போயிருக்கும். பூத்து முடிந்த தண்டு தானாகவே துண்டு துண்டாக முறிந்து, ஒவ்வொரு துண்டும் வேறிடத்தில் வேரூன்றக்கூடியதாக மிதந்து செல்லும். மேலே கூரை, கீழே வெற்றுத் தண்டுகள் என்ற இந்த அமைப்பு, கோடையில் பெரிய மீன் நுழைய முடியாத புதராக இருந்ததை, இடைவெளிகள் நிறைந்த தூண் மண்டபமாக மாற்றிவிடுகிறது.

அந்த இடைவெளிகள் ஏன் முக்கியமானவை என்பதை ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்குலின் சவினோவும் ராய் ஸ்டெய்னும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. செயற்கைத் தண்டுகளை வெவ்வேறு அடர்த்தியில் பொருத்திய தொட்டிகளில், லார்ஜ்மவுத் பாஸ் என்னும் அகன்ற வாயுடைய வேட்டை மீனையும் அதன் இரையான புளூகில் என்னும் சிறுமீன்களையும் அவர்கள் ஒன்றாக விட்டுப் பார்த்தனர். தண்டுகளே இல்லாத இடத்திலும், சதுர மீட்டருக்கு 50 தண்டுகள் உள்ள இடத்திலும் பாஸின் வேட்டை ஒரே அளவில் வெற்றி பெற்றது; 250 தண்டுகளிலும் 1,000 தண்டுகளிலும் அந்த வெற்றி ஏறக்குறைய இல்லாமலே போனது. அடர்த்தி கூடக்கூட, பாஸ் தேடியலையும் வேட்டையை விட்டுவிட்டுப் பதுங்கிக் காத்திருக்கும் வேட்டைக்கு மாறுவதும் பதிவாகியுள்ளது. ஆகவே தாவர அடர்த்திக்கும் வேட்டைக்கும் இடையிலுள்ள உறவு சீரான சரிவாக இல்லை. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் புதர் இரைக்குக் கோட்டையாகிறது, எல்லைக்குக் கீழே இறங்கினால் கோட்டை திறந்துவிடுகிறது. செப்டம்பரில் மில்ஃபாயில் மெலிவது இந்த எல்லையைக் கீழ்நோக்கிக் கடக்கும் நிகழ்வு என்று கொள்வது பொருத்தமானது.

சிறுமீன்கள் அந்தக் கோட்டையை எளிதில் விட்டு வெளியேறுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஏர்ல் வெர்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1983-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குளத்தை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ் மீன்களை விட்டனர். பாஸ் இருந்த பாதியில் சிறிய புளூகில்கள், வேறிடத்தில் உணவு அதிகமாகக் கிடைத்தபோதும் தாவரங்களுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்து மெதுவாக வளர்ந்தன; விழுங்க முடியாத அளவுக்குப் பருத்துவிட்ட புளூகில்களோ அச்சமின்றித் திறந்த பகுதிகளில் மேய்ந்தன. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் பொரித்த குஞ்சுகள், செப்டம்பரில் வேட்டை மீனுக்கு ஏற்ற அளவை எட்டிய நேரத்தில்தான் அவற்றின் மறைவிடமும் கலைகிறது. குளிர்காலம் வருவதை உணர்ந்து மீன்கள் ஆவேசமாக உண்கின்றன என்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கத்தைவிட, இரை வெளிப்பட்டுவிடுகிறது என்ற இந்த விளக்கமே வலுவானது. குளிர்காலத்தைக் கடக்கக் கொழுப்புச் சேமிப்பு தேவைப்படுவது உண்மையே என்றாலும், அதனால் மட்டும் ஒரு விரிகுடாவின் ஓரத்தில் மீன்கள் திடீரென்று கூடிவிடுவதில்லை.

வெப்பநிலையின் பங்கைப் புரிந்துகொள்ள, ஏரி அடுக்குகளாகப் பிரியும் முறையை அறிய வேண்டும். கோடையில் வெதுவெதுப்பான இலேசான நீர் மேலேயும், குளிர்ந்த அடர்நீர் கீழேயும் தங்கிவிட, இடையில் சில மீட்டர்களுக்குள் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு உருவாகிறது. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் தெர்மோக்ளைன் என்ற பெயரை ஏரியியலில் நிலைநிறுத்தியவர் மேற்சொன்ன பர்ஜ். மெண்டோட்டா போன்ற சத்து மிகுந்த ஏரியில், இந்த எல்லைக்குக் கீழே மூழ்கும் பாசித் துகள்களை நுண்ணுயிர்கள் சிதைத்துச் சிதைத்து ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், கோடையின் நடுவிலிருந்து அடிநீர் மீன் வாழத் தகுதியற்றதாகிறது. நார்தர்ன் பைக் என்னும் நீண்ட உடலும் கூர்ப்பற்களும் கொண்ட வேட்டை மீன் 20 பாகை செல்சியஸை ஒட்டிய குளுமையை நாடுவது. மேலே 25 பாகைச் சூடும் கீழே ஆக்சிஜனின்மையும் நெருக்க, அது கோடையில் ஒடுங்கிய ஓர் இடைநீரில் சிக்கிக்கொள்கிறது. செப்டம்பர் இரவுகள் மேல்நீரைக் குளிர்விக்கத் தொடங்கியதும் அந்த நெருக்கடி தளர்ந்து, பெரிய பைக்குகள் களைப்படுகைகளுக்குத் திரும்புகின்றன. குளிர்ந்த நீர் ஆக்சிஜனை அதிகமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும் என்பதும் இதற்குத் துணைசெய்கிறது: 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராமாக இருக்கும் உச்சக் கரைதிறன், 15 பாகையில் 10.1 மில்லிகிராமாக உயர்கிறது.

இந்த அறிவு தூண்டில் முறைகளாக மாறும் விதம் கவனிக்கத்தக்கது. முதலாவதாக, பழுப்பேறிய களைகளை விட்டுப் பசுமையானவற்றைத் தேட வேண்டும். உயிருள்ள தாவரம் பகலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது. மடிந்த தாவரம் அழுகும்போது அதையே உறிஞ்சிக்கொள்கிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை வடிகட்டும் போலராய்டு கண்ணாடி அணிந்து படகிலிருந்து பார்ப்பதும், தூண்டில் முள்ளில் சிக்கிவரும் ஒவ்வொரு துணுக்கின் நிறத்தையும் பார்ப்பதும் இதற்காகவே. படுகை முழுதும் வாடிய பிறகும் பச்சையாக நிற்கும் கூன்டெயில் திட்டு ஒன்று, மீன்களை அடர்த்தியாகச் சேர்த்து வைத்திருக்கக்கூடும்.

இரண்டாவதாக, படுகையின் ஆழமான ஓரத்துக்கு இணையாகத் தூண்டிலை வீச வேண்டும். ஓரத்துக்குக் குறுக்கே வீசினால் செயற்கை இரை மீன் பதுங்கும் விளிம்பைக் கடக்கும் நேரம் மிகக் குறைவு; இணையாக வீசினால் அது இழுபடும் தூரம் முழுவதும் அந்த விளிம்பிலேயே கழிகிறது. விளிம்பு உட்குழியும் வளைவுகளும், நீருக்குள் மூக்கு நீட்டும் முனைகளும் தனிக்கவனம் பெற வேண்டியவை. சுழலும் உலோகத் தகடுகளையுடைய ஸ்பின்னர்பெயிட் என்னும் செயற்கை இரையை, களையின் நுனிகளைத் தொட்டும் தொடாமலும் ஓடும்படி இழுப்பது செப்டம்பரில் வழக்கம். அது தாவரத்தில் சிக்கிக்கொண்டால் மெல்ல விடுவிப்பதைவிட வெடுக்கென்று இழுத்து அறுத்துக்கொள்வது மேல். மறைவிலிருந்து பதறி வெளியேறும் சிறுமீனைப் போன்ற அந்தத் திடீர் அசைவின்போதே பாஸ் பெரும்பாலும் பாய்கிறது.

நீரின் மேற்பரப்பை இன்னும் மூடிக்கிடக்கும் களைப்பாய்களில் முறை வேறு. முள்முனைகள் மென்ரப்பர் உடலோடு ஒட்டியிருப்பதால் களையில் மாட்டாத தவளை வடிவ இரையை அதன் மேல் தத்தவைத்து, பாயில் துளை உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். தமிழகத்துக் குளங்களில் விராலுக்குத் தவளை வைப்போர் அறிந்த உத்தியே இது. பதுங்கியிருந்து மேல்நோக்கிப் பாயும் மீன் எங்கிருந்தாலும் இது பலிக்கிறது. மீன் கவ்வியதும் களைக்குள் புகுந்துவிடும் என்பதால், 20 முதல் 30 கிலோ வரை தாங்கும் பின்னல் நரம்பு தேவைப்படுகிறது. பைக் உள்ள நீரில் முள்ளுக்கு முன்னால் சிறிதளவு எஃகுக் கம்பி இணைக்காவிட்டால் அதன் பற்கள் நரம்பை அறுத்துவிடும். வாயில் முள்ளோடு மீன் தப்பிப்போவது மீனுக்கும் கேடு என்பதால், இந்தக் கம்பியைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நேரத்தேர்விலும் மாற்றம் உண்டு. தாவரங்களும் நுண்ணுயிர்களும் இரவு முழுவதும் சுவாசிப்பதால், அழுகும் களை மிகுந்த விரிகுடாவில் ஆக்சிஜன் விடியலில்தான் மிகக் குறைவாக இருக்கும். கோடையில் பொன்னான நேரமாக இருந்த அதிகாலை, அத்தகைய இடங்களில் செப்டம்பரின் பிற்பகுதியில் சிறப்பிழந்து, வெயில் ஏறிய பிற்பகல் மேம்படுகிறது. காற்று மோதும் கரையும் நாடத்தக்கது. அலை நீரைக் கலக்கி ஆக்சிஜனைச் சேர்ப்பதோடு, மேற்பரப்பை உடைத்து ஒளியைச் சிதறடித்து வேட்டை மீனுக்கு மறைவும் தருகிறது.

இந்தச் சாதகமான வாரங்கள் நீடிப்பதில்லை. மேல்நீர் குளிரக் குளிர அதன் அடர்த்தி அடிநீரை நெருங்குகிறது. ஒரு வலுவான காற்று வீசினாலே இரண்டும் கலந்துவிடும் நிலை உருவாகி, மெண்டோட்டாவில் பொதுவாக அக்டோபரில் ஏரி முழுவதும் மேலிருந்து கீழ்வரை புரள்கிறது. அதன்பின் ஆழம் எங்கும் ஆக்சிஜன் பரவி, மீன்கள் விரும்பிய ஆழத்துக்குச் சிதறிப்போவதால், களை விளிம்பின் தனிச்சிறப்பு குறைந்துவிடும். அதுவரை படகுகள் களைப்படுகைகளிலேயே மொய்க்கின்றன. மில்ஃபாயில் தானாக முறிந்து வேர்விடும் துண்டுகளை உதிர்ப்பதும் இதே காலத்தில்தான். படகின் உந்துவிசிறியிலும் இழுவண்டியின் அச்சிலும் சுற்றிக்கொண்ட ஒரே துண்டு அடுத்த ஏரியில் புதிய படுகையைத் தொடங்கப் போதும் என்பதால், கரையேறும் இடத்தை விட்டு நகரும் முன் படகிலும் கருவிகளிலும் ஒட்டிய எல்லாத் தாவரங்களையும் அகற்றி, தேங்கிய நீரையும் வடித்துவிட வேண்டும் என்று விஸ்கான்சின் சட்டம் வலியுறுத்துகிறது.