ரூட்டருக்குப் புரியும் மொழி

பெயர்ப்பலகை, பூசையறைக் கதவு என சிஎன்சி ரூட்டரில் பகுதிநேரத் தொழில் தொடங்கும் இளையர்களே, கணினியில் வரைந்த வடிவம் இயந்திரத்துக்கு அப்படியே புரியாது. அதன் கன்ட்ரோலருக்கு ஏற்ற ஜி-கோடாக எழுதித் தருவது போஸ்ட் புராசசர்.

முதலில் கன்ட்ரோலர் எது என்று பாருங்கள். மாக்3-க்கு ஒன்று, ஜிஆர்பிஎல்லுக்கு வேறொன்று. அடுத்து அளவு. மில்லிமீட்டரில் வரைந்தால் மில்லிமீட்டர் போஸ்ட்டையே தேர்ந்தெடுங்கள். கோப்பின் தொடக்கத்தில் ஜி21 இருக்க வேண்டும். ஜி20 என்றால் அங்குலம். இது குழம்பினால், 100 மில்லிமீட்டர் நகர வேண்டிய வெட்டுமுனை 2,540 மில்லிமீட்டர் ஓடப் பார்க்கும். பலகையும் போச்சு, முனையும் போச்சு!

ஜிஆர்பிஎல் 1.1-க்கு முனை மாற்றும் எம்6 கட்டளை தெரியாது. ஆகவே ஒவ்வொரு முனைக்கும் தனிக் கோப்பு போடுங்கள்.

வாடிக்கையாளரின் தேக்குப் பலகையில் கைவைக்குமுன், முனையை உயர்த்தி ஒருமுறை காற்றிலேயே ஓட்டிப் பாருங்கள். சில நிமிடம்தான் செலவு.