மதர்போர்டு மாத்தியாச்சு, இன்னும் கம்ப்யூட்டர் வரலையா?

காலை 10 மணி. உங்கள் இ-சேவை மைய வாசலில் வருமானச் சான்றுக்கும் இருப்பிடச் சான்றுக்கும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். நேற்று மாலைதான் கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு போட்டு வந்தது. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுத்துது, திரையில் ஒன்றும் இல்லை. அல்லது விண்டோஸ் பாதி வந்து நீலத் திரையில் நின்றுவிடுகிறது. சர்வீஸ் கடைக்கு போன் போட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பார்மட் அடிச்சா சரியாயிடும் சார்."

அதற்குச் சம்மதிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். மாற்றியது போர்டைத்தான், ஹார்ட் டிஸ்கை அல்ல. அதிலுள்ள விண்டோஸும், மக்கள் கொடுத்த ஆவணங்களின் ஸ்கேன் நகல்களும், விண்ணப்ப எண்களைக் குறித்து வைத்த எக்செல் கோப்பும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். கோளாறு பல நேரங்களில் ஒரு வயரிலோ, பயாஸ் அமைப்பில் ஒரு வரியிலோ இருக்கிறது.

எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

பட்டனை அழுத்தினால் அசைவே இல்லையென்றால், கேபினெட் சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய வயர் போர்டில் தவறான பின்னில் மாட்டியிருக்கலாம். போர்டோடு வந்த கையேட்டில் படம் இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுபோனால், போர்டின் அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டட் முட்டிக்கொண்டு ஷார்ட் ஆகிறதா என்று பாருங்கள். பழைய போர்டுக்குப் போட்ட ஸ்டட் புதிய போர்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் 24 பின் பெரிய வயரை எல்லோரும் மாட்டிவிடுவார்கள். ப்ராசஸர் பக்கத்தில் போகும் 4 அல்லது 8 பின் வயர்தான் மறந்துபோகும். அடுத்தது ராம். பவர் கார்டைக் கழற்றி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு, ராமை எடுத்து 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் போடுங்கள். இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் மாட்ட வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால், போர்டு உங்கள் ப்ராசஸருக்கு ஏற்றதுதானா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சாக்கெட் பொருந்தினாலும், போர்டின் பயாஸ் பழையதாக இருந்தால் அந்த ப்ராசஸரை அது அடையாளம் காணாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

பலருக்கும் சிக்கல் வருவது இதற்குப் பிறகுதான். திரை வருகிறது, ஆனால் விண்டோஸ் வரவில்லை. பூட் செய்ய எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கும். கடைக்காரர் 'டிஸ்க் போச்சு' என்று சொல்வது இதைப் பார்த்துத்தான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையை விடாமல் தட்டினால் பயாஸ் திறக்கும். அதில் உங்கள் டிஸ்கின் பெயர் தெரிந்தால் பாதிக் கவலை விட்டது. பழைய கணினிகளில் விண்டோஸ் பெரும்பாலும் 'லெகஸி' முறையில் போடப்பட்டிருக்கும், புது போர்டோ 'யு.இ.எஃப்.ஐ.' முறையில் தேடும். சி.எஸ்.எம். என்ற அமைப்பை இயக்கினால் டிஸ்க் பூட் ஆகிவிடும். மிகப் புதிய போர்டுகள் சிலவற்றில் அது கிடையாது. அப்போது தகவல்களைக் காப்பி எடுத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

நீலத் திரை வந்தால் 'சாட்டா மோட்' என்ற வரியைப் பாருங்கள். ஐ.டி.இ., ஏ.எச்.சி.ஐ., ரெய்டு என்று அதில் இருக்கும். பழைய போர்டில் இருந்ததற்கு மாற்றினால் பெரும்பாலும் விண்டோஸ் எழுந்துவிடும். மாற்றியும் பலனில்லையென்றால் முன்பிருந்தபடியே வைத்துவிடுங்கள்.

விண்டோஸ் வருவதற்கு முன் 48 இலக்க எண் கேட்டால் பயப்பட வேண்டாம். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது, போர்டு மாறியதால் சந்தேகப்படுகிறது. அந்த எண் பெரும்பாலும் நீங்கள் உள்நுழையும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்தே எடுத்துவிடலாம். அது இல்லாமல் பார்மட் செய்தால் உள்ளிருந்தது திரும்பாது.

எல்லாம் வந்தும் அரசு இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லையா? வலது மூலையில் தேதியைப் பாருங்கள். புது போர்டில் சில ஆண்டுகள் முந்தைய தேதி ஓடிக்கொண்டிருக்கலாம். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் பாதுகாப்புச் சான்றிதழை ஏற்காது. இது தெரியாமல் 'சர்வர் டவுன்' என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்போமோ! தேதியைத் திருத்துங்கள். மறுநாளும் பின்னோக்கிப் போனால் போர்டிலுள்ள சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றுங்கள்.

நெட் வரவில்லையென்றால் லேன் டிரைவர் இல்லாமல் இருக்கலாம். போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால், டிரைவரை இறக்கிக்கொள்ளும் அளவுக்கு இணையம் கிடைக்கும். கைரேகைக் கருவி, பிரிண்டர் டிரைவர்களையும் அப்போதே ஒருமுறை சரிபாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், கேபினெட்டைக் கொடுக்கும் முன் டிஸ்கைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். போர்டைச் சோதிக்க அது தேவையில்லை. அதிலிருப்பது ஊராருடைய ஆதார் நகல்.