மறதி நோயாளர் வீடு திரும்பும்போது

பராமரிப்பு இல்லத்தில் இருந்த தாத்தாவையோ பாட்டியையோ வீட்டுக்கு அழைத்து வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், மறதி நோய் கண்டவருக்கு இடம் மாறுவதே பெருங்குழப்பம். இது முதுமையில் வரும் சாதாரண மறதி அன்று. மூளையின் உயிரணுக்கள் சிதைவதால் வருவது. இதன் முக்கிய வகையை 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துக்கூறினார்.

அழைத்து வருமுன் இல்லத்தாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மருந்து, எந்த நேரம்? எப்போது உண்கிறார், உறங்குகிறார்? எது அவரை அமைதிப்படுத்துகிறது? அந்த நேர ஒழுங்கையே வீட்டிலும் தொடருங்கள்.

இந்நோயில் புதிய நினைவுகள் முதலில் மறையும். பழையவை நெடுநாள் நிற்கும். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனால், பால்மரம் வெட்டிய தாத்தாவின் மனத்தில் தோட்டம் அப்படியே இருக்கும். விடியுமுன் எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று புறப்படுவார். "தோட்டம் ஏது?" என்று வாதாடாதீர்கள். "தேத்தண்ணி குடிங்க தாத்தா" என்று அமர்த்தி, அந்த நாள் வேலையைப் பற்றிக் கேளுங்கள். வாசற்கதவில் சிறு மணி கட்டுங்கள். அவர் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். திடீரெனக் குழப்பம் மிகுந்தால் சிறுநீர்த் தொற்று போன்ற காரணம் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாப் பாரத்தையும் மகளோ மருமகளோ ஒருவரே சுமந்தால் அவரும் நோயில் விழுவார். பிள்ளைகள் முறை வைத்துக் கவனியுங்கள். 1997-இல் தொடங்கப்பட்ட மலேசிய அல்சைமர் நோய் அறவாரியம் பராமரிப்போருக்கு வழிகாட்டுகிறது. உதவி கேட்பது கடமையில் தவறுவது ஆகாது.