மின்னல் தீண்டிய விமானம்

மேகங்களினூடே செல்லும் ஆகாய விமானத்தை மின்னல் தாக்குவது அபூர்வமன்று. மூக்கு நுனியிலோ இறக்கை முனையிலோ பற்றும் மின்சாரம், அலுமினியத் தகட்டின் மேலாகவே ஓடி வால்புறமாய் வெளியேறிவிடுவதால், பிரயாணிகளுக்குப் பளீரென்ற ஒளியும் பலத்த ஓசையுமன்றி வேறொன்றும் தெரிவதில்லை. தரையிறங்கிய பின் தேடிப் பார்ப்பவர் கண்ணுக்கு, ரிவெட் தலையருகே மிளகளவு கருகிய புள்ளிகள் அகப்படலாம், அவ்வளவே. ஆயினும் முற்றிலும் அலட்சியப்படுத்தத்தக்க விஷயமன்று. 1963 டிசம்பர் 8 அன்று, அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில், எல்க்டன் நகருக்கருகே, தரையிறங்கும் முறைக்காக வானில் வட்டமிட்டுக் காத்திருந்த பான் அமெரிக்கன் போயிங் 707 விமானத்தின் இடது இறக்கையில், மின்னலால் எரிபொருள் ஆவி தீப்பற்றி வெடிக்க, அதிலிருந்த 81 பேரும் மாண்டனர். கரியிழைக் கலவையாலான இக்காலத்துப் போயிங் 787, உலோகத்தைப்போல் மின்சாரத்தை எளிதில் கடத்தாதாகையால், அதன் மேற்புறத்தில் மெல்லிய உலோக வலையொன்றைப் பதித்தே நிர்மாணிக்கிறார்கள்.