மற்றொன்று விரிக்கும் மனம்

நூல் எழுதுகிறவர் தவிர்க்க வேண்டிய பத்துக் குற்றங்களை நன்னூலின் பாயிரம் வரிசையாகச் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று போகும் அந்த வரிசையில் ஒன்று மற்றொன்று விரித்தல். எடுத்துக்கொண்ட பொருளை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டே போவது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் குற்றமென்று குறித்த இந்தப் பழக்கத்தை இன்று உளவியலாளர்கள் சோதனைக்கூடத்தில் வைத்து அளக்கிறார்கள்.

எழுத்தைப் பொறுத்தவரை, அதுவும் பாட நூலைப் பொறுத்தவரை, பவணந்தியார் பக்கமே சான்றுகள் நிற்கின்றன. அமெரிக்காவில் ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் எப்படி உருவாகிறது என்று விளக்கும் ஒரு பாடத்தை மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்குப் பாடம் மட்டும். சிலருக்கு, மின்னல் தாக்கிய மனிதர்களைப் பற்றிய சுவையான துணுக்குகள் நடுநடுவே சேர்த்த பாடம். துணுக்குகளோடு படித்தவர்கள் மின்னல் உருவாகும் விதத்தைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். படித்ததைக் கொண்டு புதுக் கேள்விகளுக்கு விடை காண்பதிலும் பின்தங்கினார்கள்.

துணுக்கு கவனத்தைத் திருடிக்கொண்டது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அதே துணுக்குகளைப் பாடத்தின் தொடக்கத்தில் வைத்தபோது கேடு அதிகமாகவும், கடைசியில் வைத்தபோது குறைவாகவும் இருந்தது. முதலிலேயே விபத்துக் கதையைப் படித்தவர், 'இது மின்னலின் ஆபத்தைப் பற்றிய பாடம்' என்று மனத்துக்குள் ஒரு சட்டம் போட்டுவிடுகிறார். பிறகு வரும் மேகமும் மின்னேற்றமும் அந்தச் சட்டத்துக்குள் உட்கார மறுக்கின்றன. அறிவியல் பாடத்தைக் கவர்ச்சியான கதையோடு தொடங்கும் ஆசிரியர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

பேச்சின் கணக்கு வேறு. நேருக்கு நேர் பேசும்போது கிளை பிரிவது இயல்பு. திரும்பி வருவதற்கான கைப்பிடிகளும் பேச்சிலேயே இருக்கின்றன. "அது கிடக்கட்டும்", "எங்க விட்டேன்?", "சொல்ல வந்தது என்னன்னா" என்பவையெல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. கணினிக்கு உரையாடலைப் புரியவைக்க முயன்ற பார்பரா கிராஸ், கேண்டஸ் சிட்னர் இருவரும் 1986இல் இதற்கொரு மாதிரி வகுத்தார்கள். பேசிக்கொண்டிருந்த பொருள் அடித்தட்டாகக் கீழே இருக்க, கிளைப்பேச்சு அதன்மேல் இன்னொரு தட்டாக ஏறுகிறது. மேல்தட்டை எடுத்ததும் பழைய பொருள் அப்படியே கைக்கு வருகிறது. கேட்பவரும் தன் மனத்தில் அதே அடுக்கை வைத்திருப்பதால்தான் "கல்யாணத்தைப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்க" என்று எடுத்துக்கொடுக்க முடிகிறது.

வயதானவர்கள் அதிகமாகக் கிளை பிரிகிறார்கள் என்பது எல்லா வீடுகளிலும் கேட்கிற பேச்சு. மான்ட்ரியாலில் டொலோரஸ் கோல்ட், டானிஸ் ஆர்பக்கிள் ஆகியோர் 1980களிலேயே இதை முறையாக ஆராய்ந்தார்கள். பொருந்தாத எண்ணங்களைத் தடுத்து நிறுத்தும் திறன் வயதோடு தளர்வதே காரணம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம்.

ஆனால் 1998இல் லோரி ஜேம்ஸ், டெபரா பர்க் உள்ளிட்டோர் வெளியிட்ட முடிவு அந்த விளக்கம் போதாது என்று காட்டியது. முதியவர்களிடம் ஒரு படத்தைக் காட்டி விவரிக்கச் சொன்னபோது அவர்கள் இளைஞர்களைப் போலவே பொருளை விட்டு விலகாமல் பேசினார்கள். சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோதுதான் பேச்சு பல திசைகளில் போனது. தடுக்கும் திறன் மட்டுமே தளர்ந்திருந்தால் இரண்டிலும் அது தெரிந்திருக்க வேண்டுமே! இன்னொன்றும் தெரியவந்தது: முதியவர்களின் கதைகளைக் கேட்டவர்கள் அவற்றைச் சுவையானவை, நல்ல கதைகள் என்று மதிப்பிட்டார்கள். தன் வாழ்க்கையைச் சொல்கிறவரின் நோக்கம் கேள்விக்கு விடை அளிப்பது மட்டுமல்ல. அந்த மனிதர்களையும் அந்தக் காலத்தையும் கேட்பவர் முன் நிறுத்துவதும்தான். தாத்தா ஊர் மாறிய கதையில் மாட்டு வண்டிக்காரரின் குடும்பமும் வந்துவிடுகிறதென்றால், அதைக் குற்றப் பட்டியலில் சேர்ப்பது அநியாயம்.

அதற்காக மூளைக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பால் ஹாஃப்மன் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவரின் பேச்சும் கேட்ட கேள்வியோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்பதைக் கணினி அளந்தது. கூடவே சொல் தேர்வுகளும் வைத்தார்கள். அந்த வகைத் தேர்வை நம் சொற்களில் இப்படிச் சொல்லலாம்: 'உப்பு' என்று கொடுத்து அதே நிறத்தில் உள்ளதைக் கேட்டால், உடனே நாவில் வந்து நிற்கும் புளியைத் தள்ளிவிட்டுக் கொக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனத்தில் எழும் பலவற்றில் இப்போதைக்குத் தேவையானதை மட்டும் பொறுக்கும் இந்தத் திறன் வலுவாக இருந்தவர்களின் பேச்சு பொருளோடு ஒட்டி நின்றது.

மனநல மருத்துவர்களுக்கு வேறொரு கேள்வி முக்கியம்: கிளை பிரிந்தவர் திரும்பி வருகிறாரா? நான்சி ஆண்ட்ரியாசன் 1979இல் வகுத்த அளவுகோல் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. சுற்றிவளைத்தாலும் கடைசியில் சொல்ல வந்த இடத்தை அடைகிற பேச்சு ஒரு வகை. ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்பு அறுந்து, தடம் புரண்டு போய்விடுகிற பேச்சு இன்னொரு வகை. இந்த இரண்டாவது, மனச்சிதைவு போன்ற நோய்களில் தென்படுவது.

இந்த அறுபடலைக் கணினியால் முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று 2015இல் கில்லிண்டர் பேடி தலைமையிலான குழு பார்த்தது. நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்த 34 இளைஞர்களின் நேர்காணல்களில், அடுத்தடுத்த வாக்கியங்கள் பொருளால் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதோடு வாக்கிய அமைப்பையும் கணக்கிட்டார்கள். பின்னர் நோய் வெளிப்பட்ட 5 பேரையும் அந்தக் கணக்கு சரியாகப் பிரித்துக் காட்டியது. 34 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இதை மட்டும் நம்பி எவருக்கும் நோயென்று முத்திரை குத்த முடியாது. ஆனாலும் நேர்காணலில் மருத்துவரின் காதுக்கு எட்டாத மெல்லிய விலகலைக்கூட எண்ணாக்கிக் காட்டலாம் என்ற நம்பிக்கையை அது தந்தது. அதன்பின் பிற இடங்களில் எடுத்த நேர்காணல்களையும் சேர்த்து ஆராய்ச்சியாளர்கள் அதே முறையைச் சோதித்து வருகிறார்கள்.